அதே ஊர், அதே கோபுரம்: அருணகிரிநாதர்

ஓம் சரவணபவ!

நண்பர்களே, கண்ணாடியைப் பார்த்தாலே தன்னைப் பிடிக்காம போற நாள் நம்மில் பலருக்கு உண்டு. அன்னைக்கு வானம்கூட அழகா தெரியாது. அருணகிரிநாதர் அந்த நிலையைத் தாண்டி வந்தவர்.

15ஆம் நூற்றாண்டு, திருவண்ணாமலை. அக்கா செல்லமா வளர்த்த பிள்ளை. இளமையில் பெண்ணாசையில் சொத்தெல்லாம் கரைந்தது, கடைசியில் தொழுநோயும் வந்தது என்பார்கள். கண்ணெதிரே அண்ணாமலை, பக்கத்திலேயே கோயில். எதுவும் அவர் மனசில் படலை, தன் மேலேயே அவ்வளவு அருவருப்பு. வல்லாள மகாராஜா கோபுரத்திலிருந்து உயிரை விடத் துணிந்தவரை முருகன் கையில் ஏந்தினார். நோயைத் தீர்த்து, பாட வைத்தார்.

அதே ஊர், அதே கோபுரம்தான். இப்போ பார்க்கிறதெல்லாம் அழகு! தலம் தலமாகப் போய்ப் பாடினார். நமக்குக் கிடைத்த திருப்புகழ் மட்டும் 1,300க்கு மேல். ஆகமத்துக்கு ஒன்றாக முருகன் 28 லிங்கங்கள் வைத்துப் பூஜித்த நம்ம விருத்தாசலத்துக்கும் பாட்டு உண்டு.

அந்தப் பாட்டுகளைக் கவனிச்சுப் பாருங்க. பலவற்றில் முதல் பாதி முழுக்கத் தன் குறை: ஆசை, நோய், மூப்பு, மரண பயம். அடுத்த பாதியில் மயில், வேல், வள்ளி, கடல் அலை, தாமரைக் குளம், வயல். பழசை அவர் மறைக்கவே இல்லை. ஆனா அது மட்டும்தான் நான் என்ற எண்ணம் போயிடுச்சு. முருகன் கைதொட்டு ஏந்திய உடம்பை எப்படி வெறுப்பது?

கடைசிக் கதை தெரியும்தானே? பிரபுடதேவ மன்னருக்காகப் பாரிஜாத மலர் கொண்டுவரக் கிளி உடம்பில் புகுந்து போனார். திரும்பி வந்தால் சொந்த உடம்பை எரித்துவிட்டார்கள். கலங்கவில்லை. கிளியாகவே கந்தரநுபூதி பாடினார் என்பது மரபு. உடம்பு அசிங்கம்னு சாகத் துணிந்தவர், உடம்பே போன பிறகும் பாடினார்!

நம்ம ஊர் செராமிக் பட்டறையில் சூளைக்குப் போகும் முன் பொம்மை சுண்ணாம்பு பூசின மாதிரி மங்கலாத்தான் இருக்கும். வெந்து வெளியே வந்தா பளபளக்கும். மண் அதேதான். பாதியில் பார்த்துட்டு யாராவது தூக்கிப் போடுவாங்களா?

மனசு ரொம்ப இருட்டா இருந்தா தனியா இருக்காதீங்க. அக்காகிட்ட, நண்பர்கிட்ட, டாக்டர்கிட்ட பேசுங்க. முருகன் எந்தக் கையா வந்து தாங்குவார்னு நமக்குத் தெரியாது.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!