பேரரசர் ஜஹாங்கீரும் வானிலிருந்து விழுந்த இரும்பும்



ஏப்ரல் மாத மாலைகளில் அட்டன், நுவரெலியாத் தோட்டப் பகுதிகளில் இடிமின்னலுடன் மழை பெய்வதை அறிவீர்கள். விண்கல் விழுந்ததை மின்னல் என்றே நம்பிய ஒரு பேரரசரைப் பற்றி இப்பகுதியில் படிப்போம்.

பிறப்பும் ஆட்சியும்

ஜஹாங்கீர் 1569இல் அக்பரின் மகனாகப் பிறந்தார். இயற்பெயர் சலீம். 1605இல் மொகலாய அரியணை ஏறினார். 1611இல் நூர்ஜஹானை மணந்தார். மதுவுக்கும் அபினுக்கும் அடிமையாயிருந்தமை அவரது பெருங்குறை. ஆயினும் பறவைகள், விலங்குகள், தாவரங்களைக் கூர்ந்து அவதானித்தார். அவற்றை மன்சூர் என்னும் ஓவியரைக் கொண்டு வரைவித்தார். கண்டதையும் கேட்டதையும் பாரசீக மொழியில் எழுதி வைத்தார்.

1621 ஏப்ரல் 10

அன்று விடியற்காலையில் பஞ்சாபின் ஜலந்தர்ப் பகுதிக் கிராமமொன்றில் பேரிரைச்சலுடன் ஓர் ஒளி விழுந்தது. அப்பகுதியின் வரி அதிகாரி முகம்மது சயீத் உடனே அங்கு சென்றார். நிலம் கருகியிருந்த அளவைப் பார்த்தார், தோண்டச் செய்தார். கிடைத்த இரும்புக் கட்டியைப் பையிலிட்டு அரசவைக்கு அனுப்பினார்.

ஜஹாங்கீர் அதை நிறுக்கச் செய்தார். 160 தோலா, அதாவது ஏறத்தாழ 2 கிலோகிராம் இருந்தது. சம்மட்டியால் அடித்தபோது அது உடைந்தது. எனவே அதில் மூன்று பங்குடன் சாதாரண இரும்பு ஒரு பங்கு கலந்து, இரண்டு வாள்கள், ஒரு குத்துவாள், ஒரு கத்தி செய்யப்பட்டன. அக்கத்தி இன்று அமெரிக்காவின் வொஷிங்டன் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

இதன் முக்கியத்துவம்

நமீபியாவிலுள்ள சுமார் 60 தொன் எடையுள்ள ஹோபா விண்கல்லுடன் ஒப்பிடின் இது மிகச் சிறியது. ஆயினும் ஹோபா விழுந்ததை எழுதி வைத்தவர் எவருமிலர். இங்கோ நாள், இடம், நிறை, தன்மை யாவும் பதிவாகியுள்ளன. விண்ணிலிருந்து இரும்பு விழும் என்று ஜேர்மனிய அறிஞர் கிளாட்னி 1794இல் வாதிட்டபோதுகூட ஐரோப்பிய அறிஞர் பலர் ஏற்கவில்லை. ஜஹாங்கீரின் பதிவோ அதற்கு 173 ஆண்டுகள் முந்தியது.

மின்னலே இரும்பானது என்ற அவரது முடிவு பிழையானது. ஆனால் அவதானம் சரியானது. அதனாலேயே அப்பதிவு இன்றும் பயன்படுகிறது. நீங்களும் செய்முறைப் பரிசோதனையில் கண்டதை முதலில் அப்படியே எழுதுங்கள். முடிவைப் பின்னர் எழுதுங்கள். விடை இப்படித்தான் வரவேண்டும் என்று வாசிப்பை மாற்றாதீர்கள்.

ஜஹாங்கீர் 1627இல் காஷ்மீரிலிருந்து லாகூர் திரும்பும் வழியில் காலமானார்.

பயிற்சி வினாக்கள்

1. விண்கல்லின் நிறை எவ்வளவு?
2. சாதாரண இரும்பு கலக்கப்பட்டது ஏன்?
3. ஜஹாங்கீரின் அவதானம் ஒன்றையும் முடிவு ஒன்றையும் வேறுபடுத்திக் காட்டுக.