பதினெட்டு வயதுத் தமிழாசிரியர்

பாவேந்தர் பாரதிதாசன் என்றதும் மீசையும் சால்வையும் கம்பீரப் பார்வையுமாக ஒரு முதியவரின் உருவமே நம் கண்முன் வருகிறது. பாடநூலில் பார்த்த படம் அது. நான் இங்கே எழுத விரும்புவதோ, தேர்வில் தேறிவிட்டு, அடுத்து என்ன என்ற கேள்வியோடு இதே புதுவைத் தெருக்களில் நடந்த சுப்புரத்தினம் என்ற இளைஞரைப் பற்றி. இறுதியாண்டில் இருக்கும் எங்களுக்கெல்லாம் அந்தக் கேள்வி இப்போது எவ்வளவு பெரியது என்பதை விரிவுரையாளப் பெருமக்கள் நன்கறிவார்கள்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் கனகசபை முதலியாருக்கும் இலக்குமி அம்மாளுக்கும் மகனாகப் புதுவையில் பிறந்தார் அவர். தந்தையார் வணிகர். பிரெஞ்சு ஆட்சி நடந்த ஊராதலால் முதலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தார். ஆயினும் மனம் தமிழையே நாடியது. தமிழறிஞர்களிடம் இலக்கண இலக்கியங்களையும் சைவ சித்தாந்தத்தையும் பாடங்கேட்டார். கல்வே கல்லூரியில் சேர்ந்து, புலவர் தேர்வில் முதல்வராகத் தேறியபோது அவருக்கு வயது பதினேழுதான். அந்த வயதில் நம்மில் பலர் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்கு வினா வங்கியைப் புரட்டிக்கொண்டிருந்தோம்!

1909ஆம் ஆண்டு அவருக்கு வேலை கிடைத்தது. அரசினர் பள்ளியில் தமிழாசிரியர் பணி. ஊர், காரைக்காலை அடுத்த நிரவி.

இதில் நாம் சற்று நின்று கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிரெஞ்சிந்தியா ஒரே நிலப்பரப்பாக இருந்ததில்லை. புதுச்சேரி, காரைக்கால், மாகி, ஏனாம், சந்திரநாகூர் என ஐந்து துண்டுகள். புதுவையில் இருந்து காரைக்காலுக்குப் போக வேண்டுமானால் ஆங்கிலேயர் ஆண்ட கடலூரையும் சிதம்பரத்தையும் தாண்டியாக வேண்டும். விழுப்புரம், மாயவரம், பேரளம் என்று சுற்றிச் செல்லும் ரயில் பாதையும் அந்நாளிலேயே இருந்தது. எப்படிப் போனாலும் வேற்று ஆட்சியின் மண்ணை மிதித்துத்தான் தன் அரசாங்கத்தின் பள்ளிக்குப் போய்ச் சேர வேண்டும். சென்ற பொங்கல் விடுமுறையில் நான் பேருந்தில் நிரவிக்குப் போய் வந்தேன். ஏறத்தாழ நூற்று முப்பது கிலோமீட்டர். ஒருவழிப் பயணமே அலுத்துப்போயிற்று. காரைக்காலுக்கு மாற்றல் என்றால் இன்றும் புதுவை அரசு ஊழியர் வீடுகளில் முகங்கள் வாடுவதை நான் கண்டிருக்கிறேன்.

தொலைவு கூடப் பெரிதன்று. அவர் புதுவையை விட்டுப் புறப்பட்ட காலம்தான் என்னை வியக்க வைக்கிறது. 1908இல்தான் மகாகவி பாரதியார் ஆங்கில அரசின் பிடியிலிருந்து தப்பிப் புதுவைக்கு வந்திருந்தார். அவருடைய 'இந்தியா' இதழும் இங்கே இடம் மாறியது. 1910இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தனர். ஆங்கில அரசின் ஒற்றர்கள் தெருமுனைகளில் காத்து நின்ற ஊர் இது. கவிதை நெஞ்சம் படைத்த ஓர் இளைஞனுக்கு இதைவிடச் சிறந்த ஊர் அன்றைய தமிழகத்தில் வேறெங்கும் இருந்திருக்காது. அந்த ஊரை விட்டுச் சிறுவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க நிரவிக்குப் போனார் சுப்புரத்தினம். வணிகர் வீட்டுப் பிள்ளை சம்பள வேலைக்குப் போவதை அன்று எத்தனை பேர் பெருமையாகக் கருதியிருப்பார்கள் என்பது ஐயமே. என்றாலும் படித்த தமிழைக் கொண்டு பிழைக்க வேண்டுமென்றால் அவர் முன்னிருந்த வழி அதுதான்.

வேலை அவரைப் பாரதியாரிடமிருந்து பிரித்துவிடவில்லை. நண்பர் வேணு நாயக்கரின் திருமணத்தில் சுப்புரத்தினம் பாரதியாரின் பாடலைப் பாட, பாடலைப் படைத்தவரே கூட்டத்தில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த கதையை நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். பின்னொரு நாள் நண்பர்கள் நடுவே ஒரு பாட்டு எழுதுமாறு பாரதியார் பணிக்க, அங்கேயே எழுதிக் கொடுத்தார். பாரதியார் அதைத் தம் கவிதைக் குழுவைச் சேர்ந்தவர் எழுதியது என்று குறித்துச் 'சுதேசமித்திரன்' இதழுக்கு அனுப்பினார். பள்ளி ஆசிரியர் ஒருவர் கவிஞராக அறிமுகமானது இவ்வாறுதான்.

அரசு ஊதியம் வாங்குபவர் அரசியல் எழுதுவது எளிதா? கண்டெழுதுவோன், கிறுக்கன், கிண்டற்காரன் என்று எத்தனையோ புனைபெயர்களில் அவர் ஒளிந்துகொண்டு எழுதியதற்கு இந்த வேலையும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். அப்படியும் தப்பவில்லை. திருபுவனையில் ஆசிரியராக இருந்தபோது, பிரெஞ்சு அரசுக்கு எதிராக நடந்தார் என்று குற்றஞ்சாட்டிச் சிறையில் அடைத்தார்கள். ஏறத்தாழ ஒன்றேகால் ஆண்டு சிறைவாசம். பின்னர் விடுதலையானார். வேலை போயிருந்தது. சும்மா இருந்துவிடவில்லை, வழக்குத் தொடுத்து, வென்று, அதே ஆசிரியர் வேலையில் மீண்டும் சேர்ந்தார்.

பாவேந்தரைப் பற்றிப் பேசுவோர் இந்த வழக்கை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ அவர் வாழ்விலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். வேலையா, கொள்கையா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அவர் இரண்டையும் விடவில்லை. தோளில் கதர் சுமந்து தெருத்தெருவாக விற்றதும், 1920இல் பழநி அம்மையாரை மணந்ததும், பிறகு பெரியாரின் தன்மான இயக்கத்தில் சேர்ந்ததும், 1938இல் குஞ்சிதம் குருசாமி அம்மையார் முயற்சியால் முதல் கவிதைத் தொகுதி வெளிவந்ததும் எல்லாம் அவர் வகுப்பறைக்குப் போய் வந்துகொண்டிருந்த காலத்து நிகழ்ச்சிகளே. அந்தத் தொகுதி வந்தபோது அவருக்கு நாற்பத்தேழு வயது. ஆசிரியப் பணியில் சேர்ந்து இருபத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. வேலைக்குப் போனால் எழுத்து போய்விடும் என்று அஞ்சும் நம் கவிதை மன்றத்து நண்பர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

1946ஆம் ஆண்டு சூலை 29இல் சென்னையில் அறிஞர் அண்ணா முன்னின்று திரட்டிய இருபத்தைந்தாயிரம் ரூபாய் பொற்கிழி அவருக்கு வழங்கப்பட்டது. மேடையில் அதைப் பெற்றுக்கொண்டபோதும் அவர் பணியிலிருந்த ஆசிரியரே. முப்பத்தேழு ஆண்டுப் பணிக்குப் பின் அவ்வாண்டு நவம்பரில்தான் ஓய்வு பெற்றார். பெருமாள் கோயில் தெரு 95ஆம் எண் வீட்டை நாம் அறிவோம். இன்று அது நினைவு இல்லமாக, அருங்காட்சியகமாக இருக்கிறது. நிரவியில் வேலைக்குச் சேர்ந்த அந்தப் பதினெட்டு வயது இளைஞர் அவ்வீட்டை வாங்கியது, ஓய்வுக்கு ஓராண்டு முன்பு, 1945இல்.