விவியன் தாமஸ்

அமெரிக்க நாட்டின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி உலகப் புகழ் வாய்ந்தது. 1941ஆம் ஆண்டில் கறுப்பினத்தவர் ஒருவர் ஆய்வாளர்க்குரிய வெண்ணிற மேலங்கியுடன் அதன் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நடந்து சென்றபோது கண்டோர் திகைத்தனர். அங்கே அவ்வினத்தவர்க்கு வாய்த்திருந்தவை துடைப்பமும் வாளியுமே.

அவர்தாம் விவியன் தாமஸ். 1910இல் பிறந்த அவர் ஒரு தச்சரின் மைந்தர். நாஷ்வில் நகரில் பள்ளிக் கல்வியை முடித்து, மருத்துவராகும் நோக்குடன் தாமும் தச்சு வேலை செய்து பொருள் சேர்த்தார். பொருளாதார வீழ்ச்சியில் வங்கி முறிந்து, சேமிப்பும் கல்லூரிக் கனவும் ஒருங்கே போயின. 1930இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், டாக்டர் ஆல்ஃபிரட் பிளேலாக்கின் ஆய்வுக்கூடத்தில் வாரம் 12 டாலர் ஊதியத்தில் உதவியாளராய் அமர்ந்தார். அங்கேயே வேதியியலும் உடலியங்கியலும் அறுவைத் திறனும் கற்றுத் தேர்ந்தார். ஆயினும் பதிவேட்டில் அவருக்கு இடப்பட்ட பெயர் துப்புரவாளர்! செய்யும் பணி ஒன்று, ஏட்டில் எழுதும் பணி வேறொன்று. இவ்வித்தை நம் மக்களுக்குப் புதிதன்று. தாமஸ் வாய்மூடி இராமல் அதனைக் கேட்டார், ஊதியம் உயர்ந்தது.

பிளேலாக் ஹாப்கின்ஸுக்குத் தலைமை அறுவை மருத்துவராய்ச் சென்றபோது தாமஸையும் உடனழைத்துச் சென்றார். அங்கே குழந்தை மருத்துவரான ஹெலன் டவுசிக் அம்மையார், பிறவி இதயக் குறையால் உடல் நீலம் பாய்ந்து மடியும் குழந்தைகளைப் பற்றி அவ்விருவரிடமும் எடுத்துரைத்தார். நுரையீரலுக்குக் குருதி போதிய அளவு செல்லாமையே நீலத்திற்குக் காரணம். தோளுக்குச் செல்லும் தமனியை நுரையீரல் தமனியுடன் இணைத்தால் குருதி மிகும். தாமஸ் நாய்களிடத்து இதனைப் பன்முறை செய்து பார்த்து முறையை வகுத்தார். அதற்கேற்ற கருவிகளையும் அமைத்தார்.

1944 நவம்பர் 29 அன்று முதன்முறையாக ஒரு பெண் குழந்தைக்கு அச்சிகிச்சை நடந்தது. கத்தி பிடித்தவர் பிளேலாக். அவர் தோளுக்குப் பின்னே சிறு மேடைமீது நின்று வழிகாட்டியவர் தாமஸ். அக்குழந்தை சில திங்களே வாழ்ந்தது. எனினும் அம்முறை நிலைத்து, பின்வந்த குழந்தைகள் பல்லோரை வாழ்வித்தது.

1945இல் வெளிவந்த ஆய்வுக் கட்டுரையில் தாமஸின் பெயர் இல்லை. சிகிச்சையும் பிளேலாக், டவுசிக் இருவர் பெயராலேயே வழங்கலாயிற்று. பிளேலாக் நல்லவரே, தாமஸுக்காக வாதாடியவரே. ஆயினும் இவ்விடத்தில் அவர் தவறினார் என்றே யாம் கருதுகிறோம். புகழ்பெற்ற அந்நாளிலும் தாமஸ், வருவாய் போதாமையால், பிளேலாக்கின் விருந்துகளில் மதுக்கிண்ணம் பரிமாறினார். அவ்விருந்தினருள் சிலர், பகலில் அவரிடம் அறுவைத் திறன் பயின்ற இளம் மருத்துவர்கள்!

அம்மாணவர்களே பிற்காலத்தில் நாடெங்கும் பெருமருத்துவர்களாகி, 1971இல் தம் ஆசானின் ஓவியத்தைக் கல்லூரிக்கு அளித்தனர். 1976இல் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் கிட்டியது. அதுவும் மருத்துவத்தில் அன்று, சட்டத்தில். அறுவைத் துறை ஆசிரியராகவும் முறைப்படி அமர்த்தப்பெற்றார். 1979இல் ஓய்வு பெற்று, 1985இல் மறைந்தார். இன்று அச்சிகிச்சையின் பெயரில் தாமஸ் என்பதையும் சேர்த்து மருத்துவர் பலர் வழங்குகின்றனர்.

அவர் குடும்பத்து அடுத்த தலைமுறை இளைஞர் ஒருவர் அதே ஹாப்கின்ஸில் மருத்துவம் பயின்றார். அவருக்குக் கற்பித்தோருள் பலர் தாமஸிடம் பயின்றவர்கள்.