வில்லியம் வின்சென்ட் லெக் (1841 – 1918)

இலங்கைப் பறவைகளைப் பற்றிப் பெருநூல் ஒன்றை எழுதிய லெக் ஒரு படையதிகாரி ஆவார். தஸ்மேனியாவில் பிறந்த இவர், இங்கிலாந்தில் கல்வி கற்று, 1862இல் பிரித்தானியப் பீரங்கிப் படையில் சேர்ந்தார். 1868இல் இலங்கைக்கு அனுப்பப்பட்டார். கொழும்பு, காலி ஆகிய இடங்களைப் போலவே துறைமுக நகரான திருகோணமலையிலும் கடமையாற்றினார்.

கடமை முடிந்த நேரங்களில் லெக் காடுகளுக்குச் சென்றார். அக்காலத்தில் பறவையைச் சுட்டு, தோலைப் பதப்படுத்தி ஆராய்வதே வழக்கம். தோலில் நிறம் எஞ்சும், அலகின் நீளத்தை அளக்கலாம், ஆனால் குரல் எஞ்சாது. ஆகவே பறவையின் ஒலியைக் காதால் கேட்டுச் சொற்களில் எழுதுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. எடிசன் ஒலிப்பதிவுக் கருவியை உருவாக்கியது 1877இல். லெக் இலங்கையை விட்டுச் சென்றதும் அதே ஆண்டில்தான். பின்னர் 1889இல் ஜேர்மனியில் லுட்விக் கொக் என்னும் சிறுவன் முதன்முதலாகப் பதிவுசெய்த பறவைப் பாட்டு, நமது காடுகளிலும் வாழும் சோலைபாடியினுடையது.

பறவைகள் ஏன் பாடுகின்றன? இனப்பெருக்க காலத்தில் ஆண் சோலைபாடி துணையைக் கவரவும், தனது எல்லைக்குள் வேறு ஆண் நுழையாதவாறு எச்சரிக்கவும் பாடுகிறது. ஆபத்தை அறிவிக்கும் குறுகிய ஒலி பாட்டன்று, அது அழைப்பொலி. விடையெழுதும்போது இவ்விரண்டையும் மாணவர்கள் ஒன்றாக்கிவிடக் கூடாது.

ஆறுமணிக்குருவியோ இங்கு கூடு கட்டுவதில்லை. இந்தியாவிலிருந்து ஒக்டோபர் அளவில் வந்து, சில மாதங்கள் தங்கித் திரும்புகிறது. எனினும் காலையிலும் மாலையிலும் தவறாது குரல் எழுப்புகிறது. இரை தேடும் நிலத்தைக் காப்பதே அதன் நோக்கம். அக்குரலைக் கேட்டே நம்மவர் அதற்கு இப்பெயரை இட்டனர்.

குயிற்குஞ்சு காகத்தின் கூட்டில் வளர்ந்தும் குயிலாகவே கூவுகிறது. அது பிறப்பிலேயே அமைந்தது. சோலைபாடி போன்றவற்றின் குஞ்சுகளோ மூத்த பறவைகளைக் கேட்டுப் பழகுகின்றன. பழகும்போது சிறு மாற்றங்கள் நேர்கின்றன. கடலோ மலையோ பிரித்த இரு கூட்டங்களில் இம்மாற்றங்கள் தலைமுறை தலைமுறையாகச் சேரும். இறுதியில் ஒன்றின் பாட்டுக்கு மற்றதன் பெண் பறவை இசையாது போகலாம். புதிய இனங்கள் தோன்றும் வழிகளுள் இதுவும் ஒன்றாகும்.

லெக்கின் நூல் 1878 முதல் 1880 வரை பகுதிகளாக வெளிவந்தது. 1200க்கும் மேற்பட்ட பக்கங்களைக் கொண்ட அதற்கு ஒல்லாந்த ஓவியர் கூல்மன்ஸ் படங்கள் வரைந்தார். 1901இல் அவுஸ்திரேலியப் பறவையியலாளர் சங்கத்தின் முதலாவது தலைவராகவும் லெக் தெரிவானார். இலங்கைக்கே உரிய சிறு குருவி ஒன்றின் விஞ்ஞானப் பெயரில் அவரது வின்சென்ட் என்னும் பெயர் நிலைத்துள்ளது. 1918இல் தஸ்மேனியாவில் காலமானார்.

அந்தப் பெருநூலில் இடம்பெறாத சிறிய ஆந்தை ஒன்று உண்டு. 1995இல் ஈரவலயக் காடொன்றில் இனந்தெரியாத குரலொன்றைத் தீபால் வாரகாகொட கேட்டார். பறவை கண்ணுக்குப் புலப்பட்டதோ 2001இல்தான். 2004இல் அது புதிய இனமாக விபரிக்கப்பட்டது.