வெள்ளைத்தாளை வென்ற ஓவியர்

ஓவிய வகுப்பில் நம்மில் பலருக்கும் நேரும் ஓர் இடர் உண்டு. முன்னே வெள்ளைத்தாள், கையிலே கூர் சீவிய பென்சில், மேசைமேல் பூச்சாடி. ஆயினும் ஒரு கோடும் எழுவதில்லை. இரண்டு கோடு இட்டு ஐந்து முறை அழிக்கிறோம். தாள் தேய்ந்து கிழிகிறது. இக்கலை நமக்குக் கைவராது என முடிவு கட்டி நோட்டை மூடிவிடுகிறோம். இத்தகைய வறட்சி கற்றுக்குட்டிகளுக்கு மட்டுமே வரும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உலகம் போற்றும் ஓவியர் ஒருவருக்கும் இது வந்தது. அதுவும் புகழின் உச்சியில் இருக்கும்போது வந்தது. அவர்தாம் பிரான்சு நாட்டு ஓவியர் ஆன்றி மத்தீஸ்.

மத்தீஸ் 1869ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வட பிரான்சில் லெ கத்தோ என்னும் ஊரில் பிறந்தார். தந்தை தானிய வணிகர். மகன் சட்டம் பயின்று நல்ல உத்தியோகத்தில் அமர வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவ்வாறே மத்தீஸும் பாரீசில் சட்டம் படித்து, வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் எழுத்தராக வேலை பார்த்தார். இருபதாம் வயதில் குடல்வால் நோயால் படுத்த படுக்கையானார். பொழுது போகாமல் தவித்த மகனுக்கு அன்னை ஒரு வண்ணப்பெட்டி வாங்கிக் கொடுத்தார். அந்தச் சிறு பெட்டி அவரது வாழ்வின் திசையையே மாற்றிவிட்டது.

தந்தையின் வருத்தத்தையும் பொருட்படுத்தாது அவர் பாரீசுக்குச் சென்றார். அரசு ஓவியப் பள்ளியின் நுழைவுத் தேர்வில் முதலில் தோற்றார். மனம் தளராமல் மாலை வகுப்புகளில் பயின்றார். லூவர் அருங்காட்சியகத்தில் அமர்ந்து பழைய ஓவியங்களைப் பார்த்து வரைந்து பழகினார். 1895இல்தான் அப்பள்ளியில் இடம் கிடைத்தது. 1905இல் அவரும் நண்பர்களும் காட்சிக்கு வைத்த ஓவியங்களின் கொழுந்துவிட்ட வண்ணங்களைக் கண்டு, அவர்களைக் காட்டு விலங்குகள் என்றே விமர்சகர் ஒருவர் பெயரிட்டார். ஏளனமாக இட்ட அப்பெயரே பின்னர் ஒரு கலை இயக்கத்தின் பெயராக நிலைத்தது.

ஆண்டுகள் உருண்டன. புகழ் வந்தது, பொருளும் வந்தது. அறுபது வயதை நெருங்கிய வேளையில், 1929இல், மத்தீஸ் திடீரென வறண்டு போனார். சித்திரச் சட்டத்தின் முன் பலமுறை வந்து நின்றார், ஒன்றும் தோன்றவில்லை. அவ்வாண்டு தொடங்கிய, மஞ்சள் உடை அணிந்த பெண்ணின் படம் ஒன்றை 1931இல்தான் அவரால் முடிக்க முடிந்தது.

இந்நிலையில் அவர் என்ன செய்தார்? முதலில் இடம் மாறினார். 1930இல் கப்பலேறி அமெரிக்காவுக்கும், அங்கிருந்து பசிபிக் கடலிலுள்ள தாஹித்தித் தீவுக்கும் சென்றார். அங்கே ஏறத்தாழ இரண்டரை மாதம் தங்கினார். வண்ண ஓவியம் என்று சொல்லத்தக்க எதையும் அவர் தீட்டவில்லை. கடலில் நீந்தினார், தெளிந்த நீருக்கடியில் மீன்களையும் பவழங்களையும் உற்று நோக்கினார், சிறு சிறு கோட்டுப் படங்கள் வரைந்தார். வெறுங்கையோடு திரும்பினார் என்றே அன்று பலருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் கண் சேமித்ததை மனம் இழக்கவில்லை. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1946இல், பாரீசில் தம் அறைச் சுவரில் இருந்த கறை ஒன்றை மறைக்க வெள்ளைத்தாளில் ஒரு பறவையை வெட்டி ஒட்டினார். அதனருகே ஒரு மீன். அதனருகே ஒரு பாசி. இப்படியே வளர்ந்து, தாஹித்தியின் வானமும் கடலும் அந்தச் சுவர் முழுவதும் விரிந்துவிட்டன.

அடுத்து அவருக்கு ஒரு பெரும் பணி வந்தது. அமெரிக்காவில் மெரியன் என்னும் ஊரில் பார்ன்ஸ் என்ற கலை ஆர்வலர் தம் கலைக்கூடத்தின் சுவர் வளைவுகளுக்கு ஓவியம் கேட்டார். மத்தீஸ் நீஸ் நகரில் ஒரு வெற்றுக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கரித்துண்டைக் கட்டி, நடனமாடும் உருவங்களை வரைந்தார். பெருமுயற்சி எடுத்து வேலை செய்த பிறகு, சுவரின் அளவைத் தவறாகக் கொண்டுவிட்டது தெரிய வந்தது! நாமாக இருந்தால் அழுதிருப்போம். அவரோ மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இவ்வளவு பெரிய பரப்பை அழித்துத் தீட்ட இயலாது. எனவே வண்ணம் பூசிய தாள்களை உருவங்களாக வெட்டி, ஊசியால் குத்தி, இடம் மாற்றி மாற்றிப் பார்த்தார். 1933இல் அவ்வோவியம் உரிய இடத்தில் அமைந்தது. அன்று வெறும் உதவிக்காக எடுத்த கத்தரிக்கோல், முதுமையில் அவருக்கு ஊன்றுகோல் ஆயிற்று.

1940இல் மற்றொரு முட்டுக்கட்டை. கோடு தம் கையில் தடையின்றி ஓடுகிறது, வண்ணமோ அதனுடன் சேர மறுக்கிறது என்று நண்பர் பொன்னாருக்குக் கடிதம் எழுதி வருந்தினார். மறு ஆண்டு சனவரியில் குடலில் புற்றுநோய்க்காக லியோன் நகரில் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. அவர் பிழைத்ததே அரிது. அங்கே அவரைப் பேணிய கன்னியர் அவருக்கு உயிர்த்தெழுந்தவர் என்று செல்லப்பெயர் சூட்டினர். அதன்பின் நெடுநேரம் நின்று தீட்ட அவரால் முடியவில்லை. ஆனால் படுக்கையில் சாய்ந்தபடி வரைந்தார்.

அவர் கையாண்ட முறையை நாம் கூர்ந்து கவனிக்க வேண்டும். முதலில் ஒரு முகத்தையோ பூங்கொத்தையோ கரித்துண்டால் மெதுவாக வரைவார், அழிப்பார், மீண்டும் வரைவார். அப்பொருள் நெஞ்சில் முழுவதும் பதியும்வரை இந்த உழைப்பு. பின்னர் பேனாவை எடுத்து, அதே பொருளைத் தயங்காமல், அழிக்காமல், ஒன்றன்பின் ஒன்றாக வரைவார். முதல் படம் உழைப்பு. அடுத்தவை அதன் கனிகள். இவ்வாறு பிறந்த 158 படங்கள் 1943இல் நூலாக வெளிவந்தன. அழிப்பது தோல்வியன்று, அறிதல் என்பதை இது நமக்குக் காட்டுகிறது.

துன்பம் அவரை விட்டபாடில்லை. 1944இல் அவருடைய மனைவியும் மகளும் செர்மானிய இரகசியப் போலீசாரால் கைது செய்யப்பட்டனர்; மகள் கொடிய சித்திரவதைக்கு ஆளாகித் தப்பினார். அக்கவலையின் நடுவிலும் அவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை.

1942இல் அவரை இரவில் கவனித்துக்கொள்ள மோனிக் பூர்ஷுவா என்ற இளம்பெண் செவிலியாக வந்திருந்தாள். அவளுக்கும் ஓவியத்தில் ஆர்வம். பின்னர் அவள் புனித சாமிநாதர் சபையில் சேர்ந்து அருட்சகோதரி ஷாக் மரீ ஆனாள். வான்ஸ் என்னும் ஊரில் மத்தீஸ் இல்லத்துக்கு அருகிலேயே அச்சபையாரின் இல்லம் இருந்தது. 1947இல் அச்சகோதரி தாம் வரைந்த சிறு படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அந்தச் சிறு விதையிலிருந்து எழுந்ததே வான்ஸ் செபமாலைச் சிற்றாலயம்.

எழுபத்தெட்டு வயதில் மத்தீஸ் இப்பணியில் இறங்கினார். நான்கு ஆண்டுகள் உழைத்தார். கண்ணாடிச் சாளரங்களுக்காக வண்ணத்தாள்களை வெட்டி அமைத்த முன்மாதிரிகளில் நிறைவு காணாமல் இருமுறை ஒதுக்கினார், மூன்றாவதையே ஏற்றார். மஞ்சள், பச்சை, நீலம் ஆகிய மூன்றே வண்ணங்கள். மற்றச் சுவர்களின் வெள்ளை ஓடுகளில் கறுப்புக் கோடுகளால் புனித சாமிநாதரையும், தேவதாயையும் திருக்குழந்தையையும், சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளையும் வரைந்தார். புனிதரின் முகத்தில் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. கதிரவன் எழுந்ததும் சாளரத்தின் வண்ணங்கள் அவ்வெள்ளைச் சுவர்களில் வந்து படிகின்றன. கோடும் வண்ணமும் சேரவில்லையே என்று வருந்திய ஓவியருக்கு, அவ்விரண்டையும் ஒளியே சேர்த்து வைத்தது.

பக்தி மிகுந்தவர் என்று பெயர் பெற்றவரல்லர் மத்தீஸ். எனினும் தம் வாழ்நாள் உழைப்பின் நிறைவாக இச்சிற்றாலயத்தையே அவர் கருதினார். 1951 சூன் 25ஆம் நாள் நீஸ் ஆயர் அதனை அர்ச்சித்தபோது, நோயின் காரணமாக அவரால் செல்ல இயலவில்லை, மகனை அனுப்பிவைத்தார். 1954 நவம்பர் 3ஆம் நாள் நீஸ் நகரில் காலமானார். அச்சிற்றாலயத்துக்காக அவர் தயாரித்த முழு அளவு மாதிரிகளுக்கென வத்திக்கான் அருங்காட்சியகத்தில் 2011இல் தனிக்கூடம் திறக்கப்பட்டது.

மத்தீஸின் வாழ்வு நமக்குக் கற்பிப்பது என்ன? கை ஓடாத நாளில் கண்ணையாவது திறந்து வைப்போம். ஒரு கருவி பயன்படாவிட்டால் மற்றொன்றை எடுப்போம். அளவு பிழைத்தால் மறுபடி தொடங்குவோம். ஒரே பூவைப் பத்து முறை வரைவோம். இறைவன் தந்த திறமையைப் புதைத்து வைக்கலாகாது என்று நற்செய்தியில் படிக்கிறோம் அன்றோ? திறமை சில நாள் உறங்கலாம். அதைத் தட்டி எழுப்பும் பொறுமைதான் நம்மிடம் வேண்டும்.