வீதியே மேடை – சப்தர் ஹஷ்மி



வீதி நாடகம் பாத்திருக்கீங்களா? மேடை கிடையாது, திரை கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. மேளச் சத்தம் கேட்டதும் கூட்டம் வட்டமா நின்னுடும். அந்த நாடகத்துக்காகவே உயிரைக் கொடுத்தவர்தான் சப்தர் ஹஷ்மி.

இவர் 12.4.1954 அன்று டெல்லியில் பிறந்தார். ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்தார். கல்லூரியில் பாடம் நடத்தினார். 1973-இல் நண்பர்களோடு சேர்ந்து ஜன நாட்டிய மஞ்ச் என்ற குழுவைத் தொடங்கினார். மக்கள் நாடக மன்றம் என்று பொருள். முதலில் பெரிய மேடை நாடகங்கள்தான் போட்டார்கள். 1975-இல் நெருக்கடி நிலை வந்தது. அது முடிந்தபோது கையில் காசே இல்லை. சரி, செலவில்லாத சின்ன நாடகமா எழுதி மக்கள்கிட்டயே கொண்டு போவோம்னு முடிவு செய்தார்கள்.

அப்போது டெல்லி பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் தொழிலாளர்கள் சைக்கிள் நிறுத்த ஓர் இடமும், டீ குடிக்க ஒரு கேன்டீனும் கேட்டார்கள். அவ்வளவுதான் கேட்டாங்க! அதற்குத் துப்பாக்கிச் சூடு நடந்து 6 பேர் இறந்தார்கள். இதைக் கேள்விப்பட்டு 1978-இல் உருவானதுதான் மெஷின் என்ற நாடகம். மொத்தமே 13 நிமிடம்தான். நடிகர்களே சேர்ந்து நின்று மெஷின் மாதிரி ஆடிச் சத்தம் கொடுப்பார்கள். திடீர்னு அந்த மெஷின் நின்னுடும். ஏன் நின்னுச்சு என்பதுதான் கதை. அடுத்த வருடம் பெண்கள் படும் கஷ்டத்தைப் பற்றி ஔரத் என்ற நாடகம் போட்டார்கள். ஔரத் என்றால் பெண். சப்தர் குழந்தைகளுக்காகப் பாட்டும் நாடகமும்கூட எழுதினார்.

1.1.1989. டெல்லியை அடுத்த சாகிபாபாத்தில் ஜண்டாப்பூர் என்ற இடம். தொழிலாளர்கள் நடுவில் ஹல்லா போல் என்ற நாடகம் நடந்துகொண்டிருந்தது. பாதியில் ஒரு கும்பல் வந்து தாக்கியது. எல்லாரும் பக்கத்தில் இருந்த ஒரு அலுவலகத்துக்குள் ஓடினார்கள். கும்பல் அங்கேயும் வந்தது. மற்றவர்கள் தப்பிப் போகட்டும் என்று சப்தர் பின்தங்கி நின்றார். அவரைத் தலையில் அடித்தார்கள். ராம் பகதூர் என்ற தொழிலாளியைச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் சப்தரும் இறந்தார். அவருக்கு வயது 34.

அவருடைய மனைவி மலயஸ்ரீயும் அந்தக் குழுவில் நடிகைதான். 4.1.1989 அன்று, கணவர் இறந்த இரண்டாம் நாளே, அவர் குழுவோடு அதே இடத்துக்குப் போனார். பாதியில் நின்ற நாடகத்தை முழுசா நடிச்சு முடிச்சார். ஆயிரக்கணக்கான மக்கள் கூடி நின்று பார்த்தார்கள். எனக்கு இதைப் படிச்சப்போ அழுகை வந்துடுச்சு.

சப்தர் பிறந்த ஏப்ரல் 12-ஐ தேசிய வீதி நாடக தினமாகக் கொண்டாடுகிறார்கள். தோழிகளே, ஆண்டு விழா நாடகத்தில் நடிக்கக் கூப்பிட்டா வெட்கப்பட்டு ஓடாதீங்க. மலயஸ்ரீ அக்காவை ஒரு தடவை நினைச்சுப் பாருங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு