எல்லைநிலத்தின் இறுதி வேந்தன்
பண்டாரவன்னியன் வாழ்வும் அவன் காத்த மண்ணும்

நமது பாண்டிருப்பிலே பிறந்து வளர்ந்த எவருக்கும் நிலத்தின்பொருட்டு நிகழ்ந்த போரின் கதை புதியதன்று. திரௌபதை அம்மன் ஆலயத்தில் ஆண்டுதோறும் புரட்டாதித் திங்களில் கொடியேறியதும் பாரதம் நம் கண்முன்னே நடக்கத் தொடங்குகின்றது. ஐந்து ஊரேனும் தாவென்று கேட்டும் பெறாத ஐவர் வனம் புகுவதையும், தவநிலை செல்வதையும், ஈற்றில் தீமிதிப்பு நிகழ்வதையும் நாம் சிறு பிராயந்தொட்டே கண்டு வந்துள்ளோம். ஆயினும், நம் தீவிலேயே இரு பேரரசுகளுக்கு நடுவே அகப்பட்ட ஓர் எல்லைநிலத்தையும், அதற்காக வாளேந்திய ஒருவனையும் பற்றி நம் மாணவர் அறிந்தது சிறிதே. ஆதலின், பழைய மாணவர் சங்கத்தார் வெளியிடும் இவ்விழா மலரிலே வன்னியின் இறுதித் தலைவனாகிய பண்டாரவன்னியனின் வரலாற்றைச் சுருங்க எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

எல்லைநிலம் என்பது யாது?

வடக்கே யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் தெற்கே நுவரகலாவியாவுக்கும் இடைப்பட்ட காடும் குளமும் செறிந்த பரப்பே வன்னி எனப்படுவது. பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி என்னும் பற்றுக்களாக அது பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றையும் வன்னியர் எனப்பட்ட தலைவர் ஆண்டு வந்தனர். யாழ்ப்பாணத்து அரசு வலிமையுற்றிருந்த காலத்தில் அவ்வரசுக்கும், 1619 இல் அது வீழ்ந்த பின்னர் பறங்கியருக்கும், 1658 இல் பறங்கியர் அகன்றதும் ஒல்லாந்தருக்கும் அவர்கள் திறை செலுத்த வேண்டியவராயினர். திறையாவது பொன்னன்று, யானை. காட்டிலே யானை பிடித்துக் கொடுப்பதே வன்னியர் கடனாயிருந்தது. கொடுக்கும் காலத்திற் கொடுப்பதும், கேட்போர் வலி குன்றிய காலத்திற் பாக்கி வைப்பதும், நெருக்கினால் காட்டினுள் மறைவதும் அவர்களின் அரசியல். கண்டியரசனோடும் அவர்களுக்கு உறவு இருந்தது. இரு பெரியோர்க்கு நடுவே வாழும் சிறியோன் இருவரையும் பகைத்துக்கொள்ள இயலாதன்றோ!

இந்நிலை நம் கீழ்க்கரையோர்க்கும் நன்கு தெரிந்ததேயாம். மட்டக்களப்புத் தேசத்திலும் வன்னிமைகள் இருந்தன. பறங்கியர் தம் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து துரத்திய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் 1626 இல் இக்கரையிலே குடியேற்றினான். 1638 இல் அவன் மகன் இரண்டாம் இராசசிங்கன் ஒல்லாந்தரின் துணைகொண்டு மட்டக்களப்புக் கோட்டையைப் பறங்கியரிடமிருந்து பறித்தான். பின்னர் 1766 இல் எழுதப்பட்ட உடன்படிக்கையால் தீவின் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தக் கும்பனிக்குரியதாயிற்று. கண்டியரசுக்குக் கடல் இல்லாமற் போயிற்று. உப்பு அள்ளுவதற்கும் உடன்படிக்கையிலே இடம் கேட்கும் நிலைக்கு அவ்வரசு தள்ளப்பட்டது. அன்று கீறப்பட்ட அந்தக் கோடுதான் பின்னர் எழுந்த போர்களுக்கெல்லாம் வித்தாயிற்று. கரைக்கு உரியவன் உள்நாட்டை விரும்பினான். உள்நாட்டுக்கு உரியவன் கரையை மறக்க மாட்டாதவனாயினான். நடுவிலிருந்த குடிகளோ இருவர் படைக்கும் நெல் அளந்தனர்.

ஒல்லாந்தர் காலத்து வன்னி

ஒல்லாந்தர் தம் ஆட்சியின் இறுதிக் கட்டத்தில், 1782 இல், வன்னியைப் படைகொண்டு அடக்கினர். அது எளிதில் முடிந்த செயலன்று. ஆங்கிலேய ஆசிரியராகிய சேர் எமர்சன் ரெனன்ற், இத்தீவில் ஒல்லாந்தருக்கு வன்னித் தலைவர்களைப் போல எதிர்த்து நின்றோர் வேறெங்கும் இலர் என்னும் கருத்துப்பட எழுதியுள்ளார். மரியா செம்பாத்தை என்னும் வன்னிச்சி சிறைப்பட்டுக் கொழும்புக் கோட்டையில் வைக்கப்பட்டதனையும் அவர் குறித்துள்ளார். வெற்றியின் பின்னர் நாகெல் என்னும் படைத்தலைவன் வன்னிக்கு அதிபதியாக்கப்பட்டான். அவன் முல்லைத்தீவைத் தன் இருக்கையாகக் கொண்டு, வயல்களைத் திருத்துவதிலும் வரி திரட்டுவதிலும் முனைந்தான். வன்னியைப் பற்றி 1793 இல் அவன் எழுதிய அறிக்கை இன்றும் வரலாற்றாசிரியர்க்குப் பயன்படுவதொன்று. திறை கொடுத்துத் தம் மண்ணைத் தாமே ஆண்ட வன்னியர், அதன்பின் தம் மண்ணிலேயே குடிகளாயினர். இம்மாற்றத்தைக் கண்ணாரக் கண்ட தலைமுறையிலே தோன்றியவனே பண்டாரவன்னியன். குலசேகரம் வைரமுத்துப் பண்டாரவன்னியன் என்பது மரபிலே வழங்கும் அவனது முழுப்பெயர்.

ஆங்கிலேயர் வருகையும் கண்டிப் போரும்

1795 இல் ஆங்கிலேயர் திருகோணமலையையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். 1796 பெப்ரவரியில் கொழும்பும் அவர் வசமாயிற்று. 1802 இல் அமியன்ஸ் உடன்படிக்கையால் கரையோர மாகாணங்கள் ஆங்கில முடியின் குடியேற்ற நாடாயின. பிரெடரிக் நோத் என்பார் தேசாதிபதியாயிருந்தார். கண்டியிலோ 1798 இல் முடிசூடிய சிறீ விக்கிரம இராசசிங்கன் அரசு செலுத்தினான்.

1803 தொடக்கத்தில் நோத் தேசாதிபதி கண்டியின் மேற் படை செலுத்தினார். பெப்ரவரியில் ஆங்கிலப்படை தலைநகருட் புகுந்தபோது நகர் வெறுமையாய்க் கிடந்தது. முத்துசாமி என்னும் நாயக்கர் குலத்தானை அரியணையில் இருத்தினர். ஆயினும் அவனை அரசனென ஏற்பார் ஒருவருமிலர். அடுத்துவந்த திங்கள்களில் காய்ச்சல் படையை அழித்தது. ஜூன் 24 ஆம் நாள் மேஜர் டேவி என்னும் தளபதி சரணடைந்தான். அவன் படை ஏறக்குறைய முற்றாகவே மாண்டது. வென்ற கண்டியர் அவ்வளவில் நில்லாது, அந்த ஓகஸ்ற், செப்டெம்பர் மாதங்களில் கரையோரக் கோட்டைகளின் மேல் எங்கணும் பாய்ந்தனர். பல்லாண்டு காத்திருந்த வன்னித் தலைவனுக்குக் காலம் கனிந்தது.

முல்லைத்தீவு வெற்றி

1803 ஓகஸ்ற் 25 ஆம் நாள் பண்டாரவன்னியன் கண்டியரின் துணையோடு முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கினான். காவற்படைக்குத் தலைவனாயிருந்த கப்டன் வொன் டிறிபேர்க் என்பான் எதிர்த்து நிற்கலாற்றாது, எஞ்சியோருடன் வள்ளமேறி யாழ்ப்பாணம் சேர்ந்தான். கோட்டை வன்னியன் கைப்பட்டது. வென்றவன் அங்கேயே இருந்து களிக்கவில்லை. வன்னிப் பகுதிகளிலெல்லாம் தன் ஆணையைச் செலுத்தி, யானையிறவு வரையும் படர்ந்து சென்றான். குடாநாட்டின் வாயிலில் நின்ற அவனைக் கண்டு யாழ்ப்பாணத்து அதிகாரிகள் திடுக்குற்றனர். ஒல்லாந்தர் வாளால் வாங்கியதை இருபத்தோராண்டின் பின் ஒரு வன்னியன் வாளாலேயே மீட்டான் என்பது சிறிய செயலன்று.

அவ்வெற்றி இரு திங்களே நிலைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஜூவெல் என்பானும், மன்னாரிலிருந்து டிறிபேர்க்கும், திருகோணமலையிலிருந்து எட்வேட் மட்ஜ் என்பானும் மூன்று திசையாகப் படைகொண்டு நெருங்கினர். இவர்களுள் இருவரது நிலைமை கவனிக்கற்பாலது. மட்ஜ், அவ்வாண்டு ஜூனிலேதான் கண்டிக்கு அணித்தான காவலிடத்தைக் கைவிட்டுத் திருகோணமலைக்குப் பின்வாங்கியவன். டிறிபேர்க், முல்லைத்தீவை இழந்து கடல்வழி ஓடியவன். தோல்வியை உண்டவர்க்கு மீண்டும் ஒரு வாய்ப்புக் கிட்டுமாயின் அவர் கடுமை இருமடங்காதல் இயல்பே. ஒக்ரோபர் 31 ஆம் நாள் விடியற்காலையில், ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் தங்கியிருந்த வன்னியன் படையை டிறிபேர்க் எதிர்பாராவகையில் தாக்கினான். வன்னியர் படை சிதறியது.

காக்கைவன்னியன் கதை

பண்டாரவன்னியனைக் காக்கைவன்னியன் என்பான் காட்டிக்கொடுத்தமையாலேயே இத்தோல்வி நேர்ந்ததென்பது நாட்டிலே பரவிய செய்தி. நாடக மேடைகளில் தங்கை நல்லநாச்சியாரையும் துரோகி காக்கைவன்னியனையும் காணாதார் யார்? முல்லைமணி அவர்கள் எழுதிய நாடகம் நம்மவரிடையே பெருவழக்குற்றது. தமிழகத்துக் கலைஞர் கருணாநிதியும் இவ்வீரனைத் தலைவனாக வைத்து ஒரு நாவல் புனைந்தார். கலைக்கு அவை அணி. ஆயினும் வரலாறு கற்பவர் ஒன்றனை நோக்குதல் வேண்டும். யாழ்ப்பாண மன்னன் சங்கிலியைப் பறங்கியர்க்குக் காட்டிக்கொடுத்தவனாக யாழ்ப்பாண வைபவமாலை கூறும் பெயரும் காக்கைவன்னியன் என்பதே. சங்கிலி வீழ்ந்ததற்கும் கற்சிலைமடுப் போருக்கும் இடையே ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கழிந்தன. பழைய துரோகியின் பெயர் புதிய தோல்விக்கு ஏறி அமர்ந்தது போலும்!

தோற்ற இனம் தன் தோல்விக்குத் துரோகி ஒருவனைத் தேடுதல் எந்நாட்டிலும் உள்ளதே. அது மனத்துக்கு ஆறுதல் தருவது. ஆனால் அறிவுக்கு ஊறு செய்வது. மூன்று கரைகளிலும் கோட்டையுடையவனும், கடல்வழியே படையும் மருந்தும் கொணர வல்லவனுமாகிய ஒருவன், கடலில்லாத துணைவனை நம்பிய ஒருவனை வெல்வதற்குத் துரோகி ஒருவன் இன்றியமையாதவனல்லன். பண்டாரவன்னியன் தோற்றது மனிதன் ஒருவனது சிறுமையினால் என்று கருதுவோமாயின், அவன் எதிர்த்து நின்ற பெரும் வலிமையை நாமே குறைத்தவராவோம். அவன் துணிவையும் அவ்வளவிற் குறைத்தவராவோம்.

நம் கரையிலிருந்து சென்ற படை

மறு ஆண்டிலே இப்போர் நம் வாயிலுக்கும் வந்தது. மட்டக்களப்புப் பகுதித் தளகர்த்தனாகிய ஜோன்ஸ்டன் என்பான் ஏறத்தாழ 300 வீரருடன் 1804 செப்டெம்பர் 20 ஆம் நாள் மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டு, ஒக்ரோபர் 6 இல் கண்டியை அடைந்தான். பிற திசைகளிலிருந்து வரவேண்டிய படைகள் வந்தில. தனித்து நின்ற அவன், வழியெங்கும் மறைந்து சுடப்பட்டு, அரும்பாடுபட்டுத் திருகோணமலை சேர்ந்தான். அப்பயணத்தைப் பற்றிப் பிற்காலத்தில் ஒரு நூலும் எழுதினான். அக்காலத்தில் படை செல்லும் வழியில் வாழ்வதென்றால் யாது பொருள் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சுமை சுமப்போர் எவ்வூரார்? மாடு கொடுத்தோர் எவர்? வென்றோர் பெயரும் தோற்றோர் பெயரும் ஏட்டில் நின்றன. சுமந்தோர் பெயர் நிற்கவில்லை.

1815 மார்ச் 2 ஆம் நாள் கண்டி உடன்படிக்கை எழுதப்பட்டதும் கரைக்கும் உள்நாட்டுக்கும் இடைப்பட்ட எல்லை மறைந்தது. எல்லை மறைந்ததும் எல்லைநிலத்தை நாடுவாரும் இலராயினர். வன்னியிற் குளங்கள் தூர்ந்தன. காடு வயலை விழுங்கிற்று.

பிற நாட்டு ஒப்புமை

இவ்வூழ் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. பண்டாரவன்னியன் வாழ்ந்த அதே காலத்தில், வடகோடியிலுள்ள பின்லாந்தை 1808, 1809 ஆம் ஆண்டுப் போரினால் உருசியர் சுவீடனிடமிருந்து கவர்ந்தனர். 1917 இல் விடுதலை பெற்ற பின்லாந்தியர் 1939 நவம்பர் 30 இல் மீண்டும் உருசியப் படையெடுப்புக்கு ஆளாகி, 105 நாட்கள் உறைபனியில் எதிர்த்து நின்றனர். தம் நாட்டை இழந்திலர். ஆயின் கரேலியா என்னும் எல்லைநிலத்தின் பெரும்பகுதியை இழந்தனர். அங்கு வாழ்ந்த நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வீடு வாசல் துறந்து மேற்கே வந்தனர். அரசர் தம் வரைபடத்திற் கோட்டை நகர்த்தும்போது, குடியானவன் தன் அடுப்பை நகர்த்த வேண்டியவனாகின்றான். வன்னிக் குடிகளும் கரேலியக் குடிகளும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் ஒரே துயரத்தை அறிவர்.

கல்லும் மக்களும்

கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் ஆட்சியில் நாட்டப்பட்ட கல் ஒன்று, அவ்விடத்தருகே கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான் என்னும் செய்தியையும் 1803 ஒக்ரோபர் 31 என்னும் தேதியையும் தாங்கியது. அது தோல்வியைக் கூறிற்றேயன்றி மரணத்தைக் கூறவில்லை என்பதை நாம் கூர்ந்து நோக்குதல் வேண்டும். அதன்பின்னும் அவன் சில ஆண்டுகள் காட்டிலிருந்து போராடினான் என்றும், பனங்காமத்திலே உயிர் நீத்தான் என்றும் வன்னியில் வழிவழியாகக் கூறுவர்.

வென்றவன் கல்லில் வெட்டுவித்த தேதி அதுவாக, வன்னி மக்கள் தெரிந்தெடுத்த தேதியோ பிறிதொன்று. வவுனியாக் கச்சேரியின் முன்பாக நிற்கும் பண்டாரவன்னியன் சிலைக்கு மாலை சூட்டி அவர்கள் நினைவுவிழா எடுக்கும் நாள் ஓகஸ்ற் 25, அதாவது முல்லைத்தீவுக் கோட்டை அவன் கைப்பட்ட நாள். ஒருவனை அவன் வீழ்ந்த நாளால் அளப்பதா, எழுந்த நாளால் அளப்பதா என்னும் வினாவுக்கு அம்மக்கள் நூல் எழுதாமலே விடை கூறிவிட்டனர்.

இக்கல்லூரியில் இன்று பயிலும் மாணவர்களே! வரலாற்றைக் கற்கும்போது கல்லையும் படியுங்கள். அக்கல்லை நாட்டியவன் யாரென்றும் கேளுங்கள். பாட்டனார் கூறும் கதையையும் செவிமடுங்கள். அக்கதை எங்கிருந்து வந்ததென்றும் ஆராயுங்கள். இவ்விரண்டையும் ஒருங்கே செய்யக் கற்பிப்பதே கல்விச்சாலையின் கடன்.